குலுங்கும் எஞ்சின் என்ன சொல்கிறது?

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் எஞ்சின் ஓசையை எப்போதாவது கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையே உள்ள கம்மாபுரம் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். நெல் மூட்டையோ செங்கல்லோ ஏற்றிய பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று வந்து நிற்கும். ஓட்டுநர் தேநீர் குடிக்க இறங்குவார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் அது தாளம் தவறாமல் ஓடும். வேறு சிலவற்றிலோ எஞ்சின் விக்கும், குலுங்கும். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். அணைந்துவிடுவதுபோல் தாழ்ந்து, மறுபடியும் எழும்பும்.

வியப்பு என்னவென்றால், அதே வண்டி சாலையில் வேகமாக ஓடும்போது குறை ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நோய், நிற்கும்போது மட்டும் ஏன் வெளிப்படுகிறது?

இந்தக் கேள்வி ஓட்டுநருக்கு மிகவும் முக்கியமானது. வாடகைக்கு ஓடும் பழைய வண்டிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. காரணம் தெரியாமல் டீசல் பம்பைக் கழற்றிப் பழுது பார்க்கக் கொடுத்தால் பல நாள் வருமானம் போய்விடும். கோளாறோ, சில ரூபாய் விலையுள்ள ஒரு செப்பு வாஷரில் இருக்கலாம். எனவே நோயை முதலில் சரியாகக் கண்டறிய வேண்டும். அதற்குத் தேவையான அறிவியல் முழுவதும் உங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பளுவற்ற ஓட்டம்

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், கியர் போடாமல் எஞ்சின் மெதுவாக ஓடுவதை மெக்கானிக்குகள் 'ஐடிலிங்' என்பார்கள். நாம் அதைப் பளுவற்ற ஓட்டம் என்போம். அப்போது எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை. தன் உராய்வை வெல்வதும், தண்ணீர் பம்ப், டைனமோ போன்ற துணைக் கருவிகளைச் சுற்றுவதும் மட்டுமே அதன் வேலை.

நான்கு சிலிண்டர் கொண்ட ஒரு டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது நான்கு வீச்சு எஞ்சின். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் எரியும். நான்கையும் சேர்த்தால் சுற்றுக்கு இரண்டு முறை. வினாடிக்குப் பன்னிரண்டரை சுற்று என்பதால், வினாடிக்கு 25 முறை எரிபொருள் எரிகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் பங்கு வினாடிக்கு ஆறேகால் முறை. பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் முறை மாறி எரியும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன், சிலிண்டருக்குள் வந்த காற்றைச் சுமார் 20-இல் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அந்தச் சமயத்தில் நாசில் வழியாக டீசல் புகைபோல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படும். சூடான காற்றில் பட்டதும் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுதான்.

இரண்டு கடுகு

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது ஒரு மணிக்கு முக்கால் லிட்டர் டீசல் குடிக்கிறது என்று கொள்வோம். வினாடிக்கு 25 முறை என்றால் ஒரு மணிக்கு 90,000 முறை டீசல் பீய்ச்சப்படுகிறது. முக்கால் லிட்டர் என்பது 7,50,000 கன மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 8 கன மில்லிமீட்டர்தான்.

இது எவ்வளவு? 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கடுகின் கன அளவு ஏறக்குறைய 4 கன மில்லிமீட்டர். ஆக, ஒரு தடவை பீய்ச்சப்படும் டீசல் இரண்டு கடுகு அளவு! இதை வினாடிக்கு 25 முறை, நான்கு சிலிண்டருக்கும் சமமாக அளந்து கொடுக்கிறது டீசல் பம்ப். ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் இத்தகைய பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்சின் சாலை வண்டிகளுக்குள் நன்றாக நுழைய முடிந்தது. இந்தியாவில் அந்நிறுவனத்தின் கிளை 1951-இல் பெங்களூரில் 'மைகோ' என்ற பெயரில் ஏற்பட்டது. 2008-இல் அதன் பெயர் மாறிவிட்டபோதிலும், 'மைகோ பம்ப்' என்ற சொல் பட்டறைகளில் நிலைத்துவிட்டது.

வண்டி மூட்டைகளுடன் மேடு ஏறும்போது ஒரு தடவைக்கு 40 கன மில்லிமீட்டர், அதாவது பத்துக் கடுகு அளவு டீசல் செல்கிறது என்று கொள்வோம். ஒரு நாசில் பழுதாகி அரைக் கடுகு அளவு, அதாவது 2 கன மில்லிமீட்டர், குறைவாகப் பீய்ச்சுகிறது. மேடு ஏறும்போது 40-இல் 2 குறைந்தால் இழப்பு நூற்றுக்கு ஐந்து. ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. சும்மா நிற்கும்போது 8-இல் 2 குறைந்தால் இழப்பு நூற்றுக்கு இருபத்தைந்து! அந்தச் சிலிண்டர் மற்ற மூன்றோடு ஒத்துப்போகாமல் விக்குகிறது. குறை ஒன்றுதான், அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் மாறுகிறது.

சக்கரத்தின் சேமிப்பு

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினின் பின்னால் கனமான ஒரு சக்கரம் இருக்கிறது. அதன் பெயர் பறசக்கரம். பட்டறையில் 'ஃபிளைவீல்' என்பார்கள். ஓர் எரிதலுக்கும் அடுத்த எரிதலுக்கும் இடையே எஞ்சினைச் சுற்றவைப்பது அதில் சேமிக்கப்பட்ட இயக்க ஆற்றலே. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? 3000 சுற்றில் இருக்கும் ஆற்றலில் பதினாறில் ஒரு பங்குதான் 750 சுற்றில் இருக்கும். காத்திருக்கும் நேரமோ நான்கு மடங்கு அதிகம். 3000 சுற்றில் வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை எரிதல் நிகழும். 750 சுற்றில் நூறில் நான்கு பங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

கையில் சேமிப்பு குறைவு, அடுத்த கூலி வரும் நாளோ தொலைவு. அந்த நிலையில் ஒரு நாள் கூலி வராவிட்டால் வீடு தள்ளாடத்தானே செய்யும்? பளுவற்ற ஓட்டத்தில் எஞ்சினின் நிலை அதுவே.

தாளத்தைக் கேளுங்கள்

குலுங்கும் எஞ்சின்கள் எல்லாம் ஒன்றுபோலக் குலுங்குவதில்லை. நல்ல மெக்கானிக் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா நின்று கேட்பார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்றது இது.

முதலில் பார்க்க வேண்டியது, குலுங்குவது எஞ்சினா, வண்டியா என்பது. ஓசை சீராக இருந்து உடல் மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மெத்தைகள் வெடித்தோ நைந்தோ போயிருக்கலாம். அப்படியானால் எஞ்சினில் நோயே இல்லை. ஓசையிலும் பிசகு இருந்தால், அது பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

ஒரே சீரான விக்கல்

முதல் வகை, ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் விக்கல். வினாடிக்கு ஆறு முறை. இந்த எண் நினைவிருக்கிறதா? ஒரு சிலிண்டர் எரியும் எண்ணிக்கை அதுதான்! ஆகவே ஒரே ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போதெல்லாம் வேலை செய்யவில்லை என்பது பொருள். 'ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை' என்று மெக்கானிக் சொல்வது இதையே.

எந்தச் சிலிண்டர்? பழைய வகை டீசல் எஞ்சினில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போதே, ஒரு நாசிலுக்கு வரும் குழாயின் நட்டை மெக்கானிக் சற்றுத் தளர்த்துவார். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர் என்றால், எஞ்சின் வேகம் உடனே தாழும், ஓசை மாறும். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததைத் தளர்த்துவார். முதலாவது, இரண்டாவது, நான்காவது ஆகிய மூன்றிலும் வேகம் தாழ்ந்து, மூன்றாவதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை என்றால், மூன்றாவது சிலிண்டர் ஏற்கெனவே சும்மாதான் இருந்திருக்கிறது.

இத்துடன் வேலை முடியவில்லை. மூன்றாவதில் கோளாறு எது? நாசிலா, பம்பா, சிலிண்டரா? இங்கேதான் ஓர் அழகான உத்தி. மூன்றாவது நாசிலையும் முதலாவது நாசிலையும் இடம் மாற்றிப் பொருத்தி, சோதனையை மறுபடியும் செய்கிறார்கள். விக்கல் முதலாவது சிலிண்டருக்கு நகர்ந்துவிட்டால் குற்றவாளி நாசில். விக்கல் மூன்றாவதிலேயே தங்கிவிட்டால் நாசில் தப்பிவிட்டது. அதன் அடியில் இருந்த செப்பு வாஷர் சரியாகப் படியாமல் காற்று கசிந்திருக்கலாம். வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். பம்பில் அந்தச் சிலிண்டருக்குரிய பகுதி தேய்ந்திருக்கலாம். நாசிலை இடம் மாற்றும்போதே புது வாஷர் போட வேண்டும். அதிலேயே விக்கல் தீர்ந்துவிட்டால் வேலையும் அங்கேயே முடிந்தது. அடுத்து வால்வு இடைவெளி, அதன்பின் அமுக்க அழுத்தம் என்று வரிசையாகப் பார்த்து, எல்லாம் சரி என்றால்தான் பம்பில் கைவைக்க வேண்டும். விலை குறைந்ததும் எளிதானதும் முதலில், பெரியது கடைசியில்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைக் கவனி. உங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்லித்தரும் முறையும் இதுதானே? நாசில், பம்ப், வாஷர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

புகையின் நிறமும் துப்புக் கொடுக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சின் விக்கிக்கொண்டே, கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை விட்டால், டீசல் பற்றாமல் வெளியேறுகிறது. கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. புழுதிச் சாலையில் ஓடும் வண்டியில் காற்று வடிகட்டியை முதலில் பார்க்க வேண்டும். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது.

தாளமில்லாத தடுமாற்றம்

இரண்டாவது வகையில் ஒழுங்கே இராது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நாலு தடவை தடுமாறும், அணையப் போகும், பிழைத்துக்கொள்ளும். இங்கே ஒரு சிலிண்டரைக் குறை சொல்ல முடியாது. எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான வழியில் தடை இருக்கிறது. டீசல் வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

காற்று புகுந்தால் என்ன? ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அமுக்கிப் பாருங்கள். அசையாது. திரவம் அமுங்குவதில்லை என்றே சொல்லலாம். காற்றை நிரப்பி அமுக்கினால் சுலபமாக உள்ளே போகும். நாசில் திறக்க வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால், பம்ப் தரும் உந்தல் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். நாசில் திறக்காது.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. 'டீசல் சொட்டவே இல்லை. பிறகு எப்படிக் காற்று புகும்?' என்று கேட்பார்கள். டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் பகுதியில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. அங்கே குழாயில் வெடிப்பு இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். டீசலை முன்னே தள்ளும் சிறு பம்பைத் தாண்டிய பிறகு கசிவு இருந்தால்தான் ஈரம் தெரியும். அதனால்தான் சில மெக்கானிக்குகள் வழியில் ஒரு துண்டு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்திக் குமிழி ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் கிளம்ப அடம் பிடிப்பதும் இந்த நோயின் அடையாளமே. வெடித்த குழாயையோ தளர்ந்த கவ்வியையோ சரி செய்து, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை 'ஏர் எடுத்தால்' எஞ்சின் பழையபடி ஓடும்.

ஏறி இறங்கும் ஓட்டம்

மூன்றாவது வகை விசித்திரமானது. எஞ்சின் வேகம் அலைபோல ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறை இப்படி நடக்கும். இது வேக ஆளியின் வேலை. பட்டறையில் 'கவர்னர்' என்பார்கள்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் எடைகள் கவர்னரில் உள்ளன. வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து டீசல் அளவைக் குறைக்கும். வேகம் குறைந்தால் ஒரு சுருள்வில் அவற்றை உள்ளே இழுத்து டீசல் அளவைக் கூட்டும். நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் 1788-இல் இத்தகைய கருவியைப் பொருத்தினார்.

புதிதாகச் சைக்கிள் கற்பவரைப் பார்த்திருப்பீர்கள். வண்டி இடப்பக்கம் சாயும். அவர் தாமதமாக உணர்ந்து வலப்பக்கம் அதிகமாகத் திருப்புவார். பிறகு அந்தப் பக்கம் சாயும். பாம்புபோல வளைந்து வளைந்து போவார். கவர்னரும் அப்படித்தான். டீசலைக் கூட்டிக் குறைக்கும் தண்டு பிசினும் அழுக்கும் படிந்து இறுகிவிட்டால், அது நகர வேண்டிய நேரத்தில் நகராமல், பிறகு அளவுக்கு மீறி நகரும். வேகம் ஊசலாடத் தொடங்கும். கவர்னர்கள் ஏன் இப்படி ஊசலாடுகின்றன என்பதைக் கணித முறையில் ஆராய்ந்து 1868-இல் கட்டுரை எழுதியவர், மின்காந்தக் கொள்கையால் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

இதுவும் பளுவற்ற ஓட்டத்தில்தான் மிகுதியாகத் தெரியும். சுழலும் எடையின் மையவிலக்கு விசையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 750 சுற்றில் எடைகளுக்கு இருக்கும் பலம், 3000 சுற்றில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்கே. அதனால் சிறு உராய்வுகூட அவற்றைத் தடுத்துவிடுகிறது.

கம்மாபுரத்தை அடுத்த நெய்வேலியிலும் இதே பிரச்சினைக்கு இதே தீர்வுதான். பழுப்பு நிலக்கரியில் ஓடிய அங்குள்ள முதல் அனல் மின் நிலையம் 1962 முதல் 2020 வரை மின்சாரம் தந்தது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அலைவு கொண்டது. அதற்கு டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். ஊரில் விளக்குகள் எரிந்தாலும் அணைந்தாலும் அந்த வேகம் நிலைக்க வேண்டும். அங்கே நீராவியைக் கூட்டிக் குறைப்பது கவர்னர். பிக்கப் வண்டியில் டீசலைக் கூட்டிக் குறைப்பதும் கவர்னர்.

திருகைத் திருப்பினால் தீருமா?

குலுங்கும் எஞ்சினுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பம்பில் உள்ள ஒரு திருகைச் சற்றுத் திருப்பினால் எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடும், குலுங்கல் மறையும். ஏன் மறைகிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். பறசக்கரத்தின் சேமிப்பு கூடிவிட்டது. காத்திருக்கும் நேரம் குறைந்துவிட்டது. பழுதான நாசில் பழுதாகவே இருக்கிறது. டீசல்தான் வீணாகிறது. ஒழுகும் நாசிலைக் கவனிக்காமல் விட்டால் நாளடைவில் பிஸ்டனே கெடலாம். காய்ச்சலை அளக்கும் கருவியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போயிற்று என்று சொல்லலாமா?

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துவிட்டன. புதிய டீசல் வண்டிகளில் ஒரு சிறு கணினி, ஒவ்வொரு எரிதலுக்குப் பிறகும் எஞ்சின் வேகம் எவ்வளவு கூடியது என்று அளந்து, பின்தங்கும் சிலிண்டருக்கு டீசலைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கிறது. பட்டறையில் மெக்கானிக்கின் காது செய்ததையே அது வினாடிக்குப் பல முறை செய்கிறது. பழைய வண்டிக்கோ இன்றும் காதுதான் கணினி.

எச்சரிக்கை: நட்டைத் தளர்த்தும் சோதனை அனுபவமுள்ள மெக்கானிக் மட்டும், பழைய வகை எஞ்சினில் மட்டும் செய்ய வேண்டியது. நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து அது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதும் கூடாது.

செய்து பாருங்கள்

ஓர் உறிஞ்சு குழலையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழலில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும் இடத்தில், குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். இப்போது உறிஞ்சுங்கள். துளை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீராவது வெளியே வருகிறதா? வாய்க்கு வருவது தண்ணீர் மட்டும்தானா? பிறகு வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு அதே குழல் வழியாக வெளியே ஊதுங்கள். துளையில் இப்போது என்ன நடக்கிறது? டாங்கிலிருந்து வரும் குழாயில் கசிவைத் தேடும் மெக்கானிக் எந்தப் பகுதியில் ஈரத்தைத் தேட வேண்டும், எந்தப் பகுதியில் குமிழியைத் தேட வேண்டும் என்பதை இதிலிருந்து நீங்களே கூறிவிடலாம்.